பாலூட்டும் சுண்டெலியிடம் ஒரு பாடம்

ஈன்ற ஒரே நாளில் சுண்டெலி மறுபடி சினைபிடிக்கும். மடியில் குட்டிகள் பால் குடிக்க, வயிற்றில் அடுத்த ஈத்து வளரும். கர்ப்பத்தைத் தாங்க இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஓடியாக வேண்டும். பால் சுரப்பைத் தடுப்பதும் அதே ஹார்மோன்தான். பிறகு ஏன் பால் வற்றுவதில்லை? பாலூட்டும் சுண்டெலியின் பால்சுரப்பியில் புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளே காணப்படவில்லை என்று 1979இல் ஆய்வாளர்கள் ஹாஸ்லாமும் ஷியாமளாவும் காட்டினார்கள். ஹார்மோன் வருகிறது, அதைப் பற்றிக்கொள்ளத்தான் ஆளில்லை. பால் புரதம் உருவாகத் துணைசெய்யும் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பிகளோ அங்கேயே இருக்கின்றன. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! நம் பாடங்கள் இரத்தத்தில் ஹார்மோன் ஏறி இறங்கும் கோட்டை வரைந்ததோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கோட்டை மட்டும் படித்த மாணவரால் இந்தச் சுண்டெலியை விளக்கவே முடியாது. பால்சுரப்புப் பாடத்தில் ஏற்பிகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.