விளக்கம் மட்டும் போதாது, படகும் வேண்டும்

விடுமுறைக்குச் சென்னை போகும் நம் பீன்யாக் குடும்பங்கள் மெரினா கலங்கரை விளக்கத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நல்லதுதான். ஆனால் 1977-இல் வந்த அது அந்த ஊரின் நான்காவது விளக்கம். முதல் மூன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளியே நங்கூரமிடும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில்தான் அலையைத் தாண்டிக் கரை சேர வேண்டும். பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும். டிப்ளமா படிக்காதவர்களின் பொறியியல்! அந்தக் கடலின் வேகம் சாமானியமல்ல. 1881 நவம்பர் புயல், கட்டிக்கொண்டிருந்த துறைமுகச் சுவரையே உடைத்துப் போட்டது.

ரயிலில் சிக்னல் அணைந்திருந்தால் டிரைவர் வண்டியை நிறுத்திவிடலாம். கப்பலுக்கு அந்த வசதி ஏது? ஆகவே 1796-இல் கோட்டைக்குள் ஒரு மாடியில் தேங்காய் எண்ணெய் விளக்கு ஏற்றினார்கள். அந்தக் கட்டடம் இன்று கோட்டை அருங்காட்சியகம். 1844-இல் கோட்டைக்கு வடக்கே கல்தூண். 1894-இல் உயர்நீதிமன்றக் கோபுர உச்சி.

கல்தூண் உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதைப் பழுது பார்த்துக் காப்பது அவசியம். அத்துடன் அதன் அடியில் ஒரு மசூலாப் படகையும் வைக்க வேண்டும் என்பேன். விளக்கம் கப்பலுக்குக் கரை இருக்கும் இடத்தைக் காட்டியது, அவ்வளவுதான். கரையில் கொண்டுவந்து இறக்கியவர்கள் நம் படகுக்காரர்கள். அடுத்த முறை போகிறவர்கள், பிள்ளைகளுடன் அந்தத் தூணையும் பார்த்து வாருங்கள்.