வெள்ளை மலை யாருக்குச் சொந்தம்?

உர ஆலைகளின் மதிலை ஒட்டி மலைபோல் குவிந்து கிடக்கும் ஜிப்சம் கழிவைப் பற்றி இன்று எழுதுகிறோம். இது ரசாயன நிபுணர்களின் விவகாரம், நமக்கென்ன என்று தோழர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. உழைப்பவனின் வீடும், வேலையும், குடிதண்ணீரும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்து, உரத்துக்கு வேண்டிய பாஸ்பாரிக் அமிலத்தை எடுக்கிறார்கள். சத்துக் கணக்கில் 1 டன் அமிலம் எடுத்தால் சுமார் 5 டன் ஜிப்சம் மிஞ்சுகிறது. ஒரு பங்கு சரக்கு. ஐந்து பங்கு கழிவு! சரக்கு லாரி ஏறிப் போகிறது. கழிவு ஊராரின் தலைமாட்டில் தங்கிவிடுகிறது.

ஜிப்சம் உதவாத பொருளா? இல்லை. சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்தால் அதனுள் கட்டுண்ட நீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சும் பொடியில் தண்ணீர் விட்டுக் குழைத்தால் சில நிமிஷங்களில் கல்லாக இறுகும். முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுவதும், பொம்மை வார்ப்பதும், மேல்தளத்துக்கு அடியில் பலகை அடிப்பதும் இதைக் கொண்டுதான்.

ஆனால் உர ஆலைக் கழிவில் பாஸ்பேட்டும் புளூரைடும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அப்படியே வறுத்துப் பூசினால் நேரத்துக்கு இறுகாது. இறுகினாலும் உறுதி குறையும். கொத்தனார் கூலி வீண். வீட்டுக்காரர் காசும் வீண்.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. நன்றாகக் கழுவிச் சுண்ணாம்பு சேர்த்தால் அந்த அசுத்தங்கள் தண்ணீரில் கரையாத உப்பாக மாறி அடங்கிவிடும். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தால் கழுவிச் சுத்தம் செய்யும் வழியை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்திருக்கிறார்கள். அதே அமிலத்தைச் சிறிதளவு கலந்தால் பூச்சு இறுகுவதைத் தாமதப்படுத்தி, கொத்தனாருக்குக் கை வேலைக்கு அவகாசம் கொடுக்கலாம். சீக்கிரம் இறுக வேண்டுமானால் பொட்டாசியம் சல்பேட் உண்டு. சக்சினிக் அமிலத்தைச் சொற்பம் சேர்த்து, அழுத்தமான நீராவியில் வேகவைத்தால் பொடியின் படிகங்கள் ஊசிபோல் நீளாமல் குட்டையாகத் தடிக்கும். குழைக்கத் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும். இறுகிய பூச்சு அத்தனைக்கத்தனை உறுதிப்படும்.

ஜப்பானில் இயற்கை ஜிப்சம் சொற்பம். ஆகவே அமிலம் எடுக்கும் முறையையே திருத்தி, கழிவு சுத்தமாக வரும்படி செய்துகொண்டார்கள். தேவை வந்தபோது வழி பிறந்தது!

நம் நாட்டிலும் வழி தெரியாமல் இல்லை. பொதுத்துறை உர நிறுவனங்களான பாக்டும் ஆர்.சி.எப்.பும் கூட்டாகக் கொச்சி அருகே அம்பலமுகளில், ஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்துச் சுவர்ப் பலகை செய்யும் ஆலையை அமைத்தன. ஒரு பலகை 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். அத்தகைய பலகைகளைக் கொண்டு 2013இல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நான்கு குடித்தனங்கள் கொண்ட மாடிக் கட்டிடத்தைச் சுமார் ஒரு மாதத்தில் எழுப்பிக் காட்டினார்கள். வீடில்லாத லட்சக்கணக்கானவர்கள் வாழும் நாட்டில் இது சிறிய செய்தியா?

பின் ஏன் மலைகள் கரையவில்லை? சுத்தம் செய்யச் செலவாகும், சுரங்க ஜிப்சமே மலிவு என்று கணக்குக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு பக்கம்தான் எழுதப்பட்டிருக்கிறது. குவித்து வைப்பதால் கெடும் நிலத்துக்கும் நீருக்கும் கம்பெனியின் பேரேட்டில் பற்று எழுதுவார் யார்?

அமெரிக்காவைப் பாருங்கள். புளோரிடா மாகாணத்தின் பைனி பாயின்ட் உர ஆலையை நடத்திய கம்பெனி 2001இல் திவாலாகி, ஜிப்சம் மலையை விட்டுவிட்டுப் போனது. 2021இல் அங்குள்ள தேக்கம் கசிந்து உடையும் நிலைக்கு வந்தது. குடும்பங்களை வெளியேற்றினார்கள். 21 கோடி காலனுக்கு மேற்பட்ட கழிவு நீர் டாம்பா வளைகுடாவுக்குத் திறந்துவிடப்பட்டது. அதைச் சுத்தம் செய்ய 10 கோடி டாலர் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டது. லாபம் தனியாருக்கு, குப்பை சர்க்காருக்கு. முதலாளித்துவத்தின் கூட்டல் கழித்தல் இதுதான்!

இங்கே நடப்பது என்ன? நிலக்கரி மின் நிலையப் புகையிலுள்ள கந்தகத்தைச் சுண்ணாம்புக்கல் கொண்டு பிடித்தால் மக்கள் மூச்சும் பிழைக்கும், நல்ல ஜிப்சமும் கிடைக்கும். அதற்குரிய மாசு வரம்பை மத்திய சர்க்கார் 2015இல் விதித்தது. பலமுறை தவணை நீட்டிவிட்டு, 2025 ஜூலையில் சுமார் நூற்றுக்கு 78 நிலையப் பிரிவுகளுக்கு அந்தச் சாதனமே வேண்டாம் என்று விலக்கு அளித்துவிட்டது. சட்டம் தளர்ந்தால் விஞ்ஞானம் ஆய்வுக்கூடத்திலேயே உறங்கும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். பாஸ்பேட் பாறையில் ரேடியம் கலந்திருக்கும். அது பெரும்பாலும் ஜிப்சத்தோடு போய்ச் சேர்கிறது. பாறைக்குப் பாறை அளவு வேறுபடும். மலிவாகக் கிடைக்கிறதென்று சோதிக்காத கழிவை ஏழையின் சுவரில் பூசுவதை நாம் ஒருபோதும் ஏற்க மாட்டோம். ஏழை வீடு சோதனைக்கூடம் அல்ல. வறுத்து அரைக்கும் இடத்தில் தூசி தின்னும் தொழிலாளியின் நுரையீரலும் இரும்பால் ஆனதல்ல.

ஆகவே நாம் கேட்பது இவை: ஒவ்வொரு குவியலையும் அளந்து, சோதனை முடிவை ஊரறிய வெளியிட வேண்டும். சுத்தம் செய்யும் செலவைக் கழிவை உண்டாக்கிய ஆலையே ஏற்க வேண்டும். தேறிய ஜிப்சத்தைச் சர்க்கார் வீட்டுத் திட்டங்களில் கட்டாயம் உபயோகிக்க வேண்டும். தூசியைத் தடுக்கும் ஏற்பாடும் மருத்துவப் பரிசோதனையும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும்.

உர ஆலை, சிமெண்ட் ஆலை, கட்டிடத் தொழிலாளர் சங்கங்கள் தனித்தனியே கேட்டால் காரியம் நடவாது. இம்மூன்றும் ஒன்றாக உட்கார்ந்து இக்கோரிக்கைகளைப் பேச வேண்டும். மலையைக் குவித்தது தொழிலாளியின் கை. அதை வீடாக்குவதும் அந்தக் கைதான்.