மருந்து கிடைக்கிறது, பதில் கிடைப்பதில்லை

மேலப்பாளையத்திலோ ஏர்வாடியிலோ ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் நாம் ஓடும் இடங்கள் இரண்டு. கையில் பணமோ காப்பீடோ இருந்தால் வண்ணார்பேட்டை. இல்லாவிட்டால் ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை. இரண்டிலிருந்தும் திரும்புவோர் ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "வைத்தியமெல்லாம் சரிதான் ஹஜ்ரத், என்ன வியாதின்னு ஒருத்தரும் உட்கார்ந்து சொல்ல மாட்டேங்கிறாங்க."

2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் பாலாஜி கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் அங்கு சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகன். தாய்க்குச் சரியான சிகிச்சை தரப்படவில்லை என்ற எண்ணம் அவருக்கு. அந்தச் செயலுக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் கண்டித்ததோடு நாம் நிறுத்திக்கொண்டோம். ஒரு குடும்பத்துக்கு விளக்கிச் சொல்ல மருத்துவமனையில் யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்கவில்லை.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இரவு பத்து மணிக்கு வார்டில் துணைக்கு இருந்தவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். எம்.ஆர்.பி. மூலம் ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாயில் வேலை பார்த்து, பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்தார்கள். அவர்களிடம்தான் சிரித்த முகத்தை எதிர்பார்க்கிறோம். ஆள் குறைவு முகம் சுளிப்பதோடு முடிவதுமில்லை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடத்தி 2014இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினாலே அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டது.

நம் பக்கமும் குறை உண்டு. நலம் விசாரிப்பது சுன்னத்துதான். அதற்காகப் பத்துப் பேர் கட்டிலைச் சூழ்ந்து, பத்துப் பேரும் அதே செவிலியரிடம் அதே கேள்வியைக் கேட்டால் அவர் யாருக்குப் பதில் சொல்வார்? குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசட்டும். கேள்விகளை முன்பே தாளில் எழுதிக்கொள்ளட்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தின் 17 உரிமைகளில் முதலாவதே தகவல் பெறும் உரிமை. கூச்சப்பட வேண்டியதில்லை.

வண்ணார்பேட்டையில் முன்பணம் கட்டும் முன் அறை வாடகையைக் கேட்கிறோம், ஏசி உண்டா என்று கேட்கிறோம். இரவில் அந்த மாடிக்கு எத்தனை செவிலியர் என்பதையும் அதே கவுண்டரில் கேட்கலாம்.