ஆயிரம் டாலர் பந்தயம்

மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்ததும் மின்சார ரயிலில் ஜனத்தொகைச் சண்டை ஆரம்பித்துவிடும். 'எல்லாத்துக்கும் காரணம் ஜனம்தான் சார்' என்பார் ஒருவர். 'ஜனம்தான் சார் சொத்தே' என்பார் எதிர் சீட். தாம்பரம் வந்ததும் இருவரும் இறங்கிப் போவார்கள். மறுநாள் மறுபடி அதே சண்டை.

இதைப் பணம் கட்டி ஆடியவர்கள் இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள். பால் எர்லிக், பட்டாம்பூச்சி ஆராய்ச்சிக்காரர். டெல்லியில் ஒரு ராத்திரி டாக்ஸியில் போகும்போது பார்த்த கூட்டத்தில் அரண்டுபோனார். 'பாப்புலேஷன் பாம்' என்று 1968-ல் புத்தகம் போட்டார். எழுபதுகளில் கோடிக்கணக்கானவர்கள் பட்டினியால் சாவார்கள் என்றார். புத்தகம் சக்கைப்போடு போட்டது.

ஜூலியன் சைமன் நம்ம குரூப், காமர்ஸ். குடும்பக் கட்டுப்பாட்டை மார்க்கெட்டிங் செய்வது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்தவர், புள்ளிவிவரங்களைப் புரட்டியதும் கட்சி மாறினார். குழந்தை வாயோடு மட்டுமா பிறக்கிறது, மூளையோடும்தானே என்பது அவர் வாதம்.

1980-ல் பந்தயம். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன். ஐந்தையும் தேர்ந்தெடுத்தது எர்லிக் கோஷ்டி. தலா 200 டாலர். பணவீக்கம் போக, பத்து வருடத்தில் விலை ஏறினால் சைமன் தரவேண்டும், இறங்கினால் எர்லிக்.

அந்தப் பத்து வருடத்தில் உலகத்தில் எண்பது கோடிக்கு மேல் ஜனம் கூடியது. ஐந்து உலோகமும் விலை இறங்கின! 1990 அக்டோபரில் சைமனுக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே 576 டாலர் 7 சென்ட்டுக்கு செக். கையெழுத்து திருமதி எர்லிக். கடிதம் கிடிதம் ஒன்றும் இல்லை.

அதற்காக எர்லிக் கட்சி மாறிவிடவில்லை. சைமனுக்கும் கொஞ்சம் அதிர்ஷ்டம்தான். வெள்ளீய விலையைத் தூக்கிப் பிடித்திருந்த சர்வதேச ஏற்பாடு 1985-ல் படுத்துவிட்டது. வேறு பல பத்தாண்டுகளில் கட்டியிருந்தால் எர்லிக்கே ஜெயித்திருப்பார் என்று பின்னால் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

நான் வீட்டில் ஐந்தாவது. எர்லிக் கணக்கில் உபரி வாய், சைமன் கணக்கில் உபரி மூளை. என்னைக் கேட்டால் சைமன் பக்கம்தான் சொல்வேன், வேறு வழி?

ஆனால் வீட்டில் மூளை ஐந்து இருந்தாலும் ஃபீஸ் இருந்தது ஒன்றுக்குத்தான். நான் பி.காம். முடித்தேன். பெரியக்கா எட்டாவதோடு நின்றாள், என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள்.

பந்தயத்தில் யார் பக்கம் என்று அவளைத்தான் கேட்கவேண்டும். இன்னும் தைரியம் வரவில்லை.