ஒலிக்காத 'பி'யும் நம் வீட்டுப் பற்றுச்சீட்டும்

ஆங்கிலப் பாடத்தில் சொல்வதெழுதுதல் நடைபெறும் நாள்களில் நம் மாணவர்களுள் பெரும்பாலோரை இடறச் செய்யும் சொல் ஒன்று உண்டு. பணம் பெற்றுக்கொண்டதற்குச் சான்றாகத் தரப்படும் சீட்டைக் குறிக்கும் 'ரிசீட்' என்பதே அது. சிலர் அதிலுள்ள 'பி' என்னும் எழுத்தை விட்டுவிடுகின்றனர். சிலர் 'இ', 'ஐ' ஆகிய இரண்டையும் இடம் மாற்றி எழுதுகின்றனர். காதில் விழுந்தவாறே 'எஸ்' போட்டு, 'இ'யை இரண்டு முறை எழுதி முடித்துவிடுவோரும் உளர். இதனை ஆங்கில ஆசிரியரின் கவலை என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. தோட்டத்தில் இன்றும் வாழும் குடும்பங்களுக்கும், பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பின்னும் பிள்ளைகளை இப்பள்ளிக்கே அனுப்பும் குடும்பங்களுக்கும், ஆண்டு முழுவதும் கையில் வந்து சேரும் தாள்களின் தலைப்பில் நிற்கும் சொல் இது.

ஆர், இ, சி, இ, ஐ, பி, டி. இவ்வேழு எழுத்துகளே, இவ்வரிசையிலேயே. வாயால் சொல்லும்போது 'பி' ஒலிக்காது. 'ரிசிப்ட்' என்று அழுத்திச் சொல்வது பிழை.

ஒலிக்காத எழுத்தை ஏன் எழுத வேண்டும் என்று மாணவர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். எழுதியதை எல்லாம் ஒலிக்கும் தமிழைப் படித்த பிள்ளை அப்படித்தான் கேட்கும். "அது அப்படித்தான், மனப்பாடம் செய்" என்று வாயை அடைப்பதை நாம் ஏற்பதில்லை. இச்சொல் பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. வந்தபோது அதில் 'பி' இல்லை. அதன் மூலம் இலத்தீன் மொழியில் உள்ள 'ரெசெப்டா' என்பதையறிந்த பிற்காலத்துப் படிப்பாளிகள், அந்தப் பழைய உறவைக் காட்டுவதற்காகவே 'பி'யைக் கொண்டுவந்து நுழைத்தனர். எழுதுகோல் இணங்கியது; நாக்கு இணங்கவில்லை. கடன் என்னும் பொருள்படும் 'டெட்' என்ற சொல்லில் 'பி' என ஒலிக்கும் மற்றோர் எழுத்து, அதாவது ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து, வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பதும் இவ்வாறு வந்ததே. வேடிக்கை என்னவென்றால், வஞ்சகத்தைக் குறிக்கும் 'டிசீட்' என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதில் 'பி' நிலைக்கவில்லை. சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியிலேயே ஒன்றுக்கு 'பி' உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. பெரியோர் செய்த இக்குழப்பத்திற்குச் சிறுவர்கள் பிரம்படி பட்ட காலமும் இருந்தது.

'இ'யும் 'ஐ'யும் எது முன், எது பின் என்பதற்கு வழியுண்டு. 'சி'யை அடுத்து 'ஈ' என்னும் நெட்டொலி வருமிடத்தில் 'இ' முந்தும், 'ஐ' பிந்தும். ரிசீவ், டிசீவ், சீலிங் யாவும் அவ்வாறே. 'பிலீவ்' என்பதில் முன்னால் 'சி' இல்லாமையால் 'ஐ' முந்துகிறது. இவ்விதிக்கு அடங்காத சொற்களும் சில உண்டு. ஆரம்பப்பள்ளி மாணவர்க்கு அவை இப்போது வேண்டுவதில்லை.

மலாய் மொழி இத்தொல்லையைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலச் சொல்லை வாங்கி, ஒலிக்கு ஏற்ப ஐந்தே எழுத்தில் 'ரெசிட்' என்று எழுதிக்கொண்டது. தேசிய மொழிப் பாடத்தில் சரியாக எழுதும் மாணவன், அதே எழுத்துகளை ஆங்கிலத்திலும் எழுதிவிடுவதற்கு இதுவே காரணம். இரண்டையும் ஒரே பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால் பிழை குறைகிறது.

நாம் வழங்கும் 'ரசீது' ஆங்கிலச் சொல்லின் திரிபு என்றே பலரும் எண்ணியிருக்கின்றனர். உண்மை அதுவன்று. 'வந்து சேர்ந்தது' என்னும் பொருளுடைய பாரசீகச் சொல், இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது அது. ஒலி ஒத்திருப்பது தற்செயல். நமக்கென்று 'பற்றுச்சீட்டு' என்ற நல்ல தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. பற்றுதல் என்றால் பெற்றுக்கொள்ளுதல். ஆங்கிலச் சொல்லின் அடிப்பொருளும் அதுவே. இதிலும் மாணவர் இடையிலுள்ள 'ச்' என்பதை விட்டுவிடுகின்றனர். ஆங்கிலத்து 'பி'யைப் போலன்றி இது காதில் தெளிவாகக் கேட்கும் எழுத்தாதலால், விடுவதற்குச் சாக்கே இல்லை.

எழுத்தைவிடப் பயன்பாட்டில் நேரும் தவறே நம் வீடுகளுக்கு இழப்பைத் தருகிறது. 'பில்' வேறு, 'ரிசீட்' வேறு. முன்னது, இவ்வளவு தர வேண்டும் என்று கேட்பது. பின்னது, இவ்வளவு பெற்றுக்கொண்டோம் என்று ஒப்புக்கொள்வது. நாம் அறிந்த குடும்பம் ஒன்று தையல் இயந்திரம் ஒன்றைத் தவணைக்கு வாங்கியது. மாதந்தோறும் ஒருவர் வந்து பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்துச் சென்றார். பத்து மாதம் கழித்து மூன்று மாதத் தவணை நிற்கிறது என்று கடிதம் வந்தது. அத்தாய் எல்லாத் தாள்களையும் பத்திரமாக வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால், மூன்று தாள்கள் வெறும் பில்கள். பணம் பெற்றதாக ஒரு சொல்லும் இல்லை, கையொப்பமும் இல்லை. அம்மூன்று மாதப் பணத்தையும் அவர்கள் மறுபடியும் கட்டினர். அவ்வீட்டில் நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் பெண் இருந்தாள். அவளிடம் யாரும் தாளைக் காட்டவில்லை என்பதே நம் வருத்தம்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு குறிப்புச் சொல்லி வருகிறோம். அந்த ஒலிக்காத 'பி', கட்டியாயிற்று என்னும் பொருளுடைய 'பெய்ட்' என்ற சொல்லின் முதலெழுத்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லாராய்ச்சிக்கு இது ஒவ்வாது, நினைவுக்கு உதவும். வீட்டிற்கு வரும் தாளில் யார் பெயர், எத்தனை வெள்ளி, எதற்காக, எந்த நாள் என்று பார்த்து, எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, கீழே கையொப்பம் உண்டா என்று தேடுவது பத்து வயதுப் பிள்ளையால் ஆகக்கூடிய வேலை.

படிப்பறிவு குறைந்திருந்த நம் முன்னோர் இதில் நம்மைவிடக் கருத்தாக இருந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் செலுத்திப் பங்குதாரர் ஆயினர். அந்தச் சீட்டுகளைத் தகரப் பெட்டியின் அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த பாட்டிமார்களை நாம் பார்த்திருக்கிறோம். ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாதவர்கள். தாளின் மதிப்பு தெரிந்தவர்கள். இக்காலத்துக் கடைகளில் இயந்திரம் தரும் வழவழப்பான தாளோ வெப்பம் பட்டால் சில மாதங்களில் வெளுத்துவிடுகிறது. உத்தரவாதமுள்ள பொருளுக்கான சீட்டாயின் அன்றே நகல் எடுத்து வைப்பது நலம்.

ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் மாணவர்க்கு இன்னும் ஒன்று. 'ரிசீட்' பெயர்ச்சொல். 'உங்கள் கடிதத்தைப் பெற்றேன்' என்று எழுதும் இடத்தில் அதனைப் போடலாகாது. அங்கே 'ரிசீவ்ட்' என்ற வினைதான் வர வேண்டும். சென்ற தவணைத் தேர்வுத் தாள்களில் இப்பிழை மிகுதியாகத் தென்பட்டது.

இவ்வாண்டு மலருக்கு நன்கொடை அளித்த அனைவருக்கும் பள்ளி முத்திரையும் வரிசை எண்ணும் இட்ட பற்றுச்சீட்டுகளைப் பிள்ளைகள் வழியாகக் கொடுத்தனுப்பியிருக்கிறோம். கைக்கு வந்து சேராதவர்கள் காலைப் பள்ளி நேரத்தில் அலுவலகத்திற்கு வந்து கேட்டுப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஐந்து வெள்ளி கொடுத்தவரும் தயங்க வேண்டியதில்லை.