இல்லடு கள்

சங்க நூல்களில் குடியைப் பற்றிய இடம் வந்தால் நம் வகுப்பறைகளுக்கு ஒரு தனி அவசரம் வந்துவிடும். நாங்கள் இருவரும் முப்பதாண்டுகள் தமிழாசிரியர்களாக இருந்து ஓய்வுபெற்றவர்கள்; அந்த அவசரத்தில் எங்களுக்கும் பங்குண்டு. நறவு ஒருவகை மது, தேறல் தெளிந்த ஒருவகை மது, தோப்பி நெல்லில் செய்த ஒருவகை மது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த அடிக்குத் தாவிவிடுவோம். எழுந்து நின்று கேள்வி கேட்கும் மாணவன் எவனும் வாய்த்ததில்லை. வாய்த்திருந்தால் திணறியிருப்போம். நெல்லில் எப்படி மது வரும் என்பது எங்களுக்கே தெரியாது.

தெரிந்துகொண்டது சென்ற ஆண்டு அக்டோபரில், இங்கிலாந்தின் டெர்பி நகரில், மகன் வீட்டுச் சமையலறையில். வீட்டிலேயே ஏல் என்னும் பீர் காய்ச்சுவதற்கான பெட்டி ஒன்றை அவன் வாங்கி வைத்திருந்தான். ‘இந்தியா பேல் ஏல்’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது. வில்லாபுரத்திலிருந்து போன எங்களுக்கு அந்த ‘இந்தியா’ என்ற சொல்லே முதல் உறுத்தல். இது எந்த இந்தியா?

பெட்டிக்குள் இருந்தவை அதிகமில்லை. ஒன்றரைக் கிலோ எடையில் இரண்டு தகரக் குவளைகள். அவற்றில் முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து இறக்கிய பாகு, கருப்பட்டிப் பாகின் நிறத்திலும் பதத்திலும். 11 கிராம் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று. ஹாப்ஸ் என்ற கொடியின் பூங்கதிர்களை உலர்த்தி அழுத்திய பச்சைக் குச்சிகள் ஒரு பையில்; பார்வைக்கு மாட்டுத் தீவனம் போலவே இருந்தன. பாகை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, குளிர்ந்த நீர் விட்டு 23 லிட்டராக்கி, மூடியுள்ள வாளியில் ஊற்றி, ஈஸ்டைத் தூவி மூடிவைக்க வேண்டும். அவ்வளவே வேலை. மற்றதெல்லாம் காத்திருப்பும் கழுவுதலும். கழுவுதலைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வாளி, குழாய், கரண்டி, புட்டி எல்லாவற்றையும் கிருமி போகக் கழுவுவதில்தான் பாதி நாள் போயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களில் ஒருவருடைய தந்தை குடியால் அழிந்தவர். வீட்டுப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். புளிப்பு வாடை எழும் இடத்தில் நிற்கமாட்டார். பாகைக் கரைத்த அன்று மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் நாள், வாளி மூடியில் பொருத்தியிருந்த சிறு நீர்க்குழலில் குமிழிகள் விட்டுவிட்டு எழும் ஓசை கேட்டு இறங்கி வந்தவர், “என்னப்பா இது, உயிரோட இருக்கா?” என்று மகனைக் கேட்டார். “ஆமாம்மா, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னுட்டு மூச்சு விடுது” என்றான். அன்று முதல் தினமும் காலையில் வெப்பநிலையைக் குறித்து வைத்தவர் அவர்தான். அவருடைய கையெழுத்தில் அந்தத் தாள் இன்னும் எங்களிடம் இருக்கிறது. தொடக்க அடர்த்தி 1.056. பதின்மூன்றாம் நாள் 1.010. அந்த வேறுபாடு அளவுக்கான சர்க்கரை சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிட்டது என்று பொருள். கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு. ஏழாம் நாள் ஹாப்ஸைப் போட்டபோது எழுந்த மணம் நாரத்தைத் தோலையும் மாங்காய்ப் பாலையும் ஒன்றாகக் கசக்கியது போலிருந்தது.

அந்த இரண்டு வாரத்தில் ஓரிரவுதான் பெரும்பாணாற்றுப்படையை மறுபடி எடுத்தோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியின் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல். அதில் வலைஞர் குடியிருப்பைப் பேசும் இடத்தில் ஒரு செய்முறை வருகிறது. நாங்கள் பலமுறை கடந்துபோன இடம். கொழியாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். வாயகன்ற தட்டில் ஆற வைக்கிறார்கள். முளையை இடித்து அதில் கலக்கிறார்கள் என்பது உரைவழி வரும் பொருள். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

எங்கள் கண்முன் வாளியில் நடந்துகொண்டிருந்ததும் இதுவேதான். தானியத்தில் இருப்பது மாவு. ஈஸ்ட் மாவைத் தின்னாது, சர்க்கரையைத்தான் தின்னும். முளைக்கும் விதையிலுள்ள நொதிகள் மாவைச் சர்க்கரையாக்குகின்றன. அங்கே வாற்கோதுமை முளை, இங்கே நெல் முளை. ஆற வைப்பது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. கொதிக்கும் களியில் கலந்தால் நொதியும் கெடும், நுரைக்க வைக்கும் உயிரும் சாகும். புலவர் அழகுக்காகச் சொன்ன சொல் என்று நாங்கள் நினைத்திருந்தது, காய்ச்சுகிறவள் தவறாமல் செய்தாக வேண்டிய ஒரு படி. இரண்டு நாள் கணக்கும் அப்படியே. 20 பாகையில் இரண்டு வாரம் எடுப்பது கடற்கரை வெக்கையில் இரண்டு நாளில் முடியும். மூன்றாம் நாள் புளித்துவிடும். வில்லாபுரத்துச் சித்திரை வெயிலில் டெர்பிப் பெட்டியை வைத்தால் வாயில் வைக்க முடியாத ஒன்றுதான் கிடைக்கும். அந்தந்த நிலத்துக்கு அந்தந்தக் கள். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று இலக்கணம் நடத்திய எங்களுக்கு இதை ஒரு பிளாஸ்டிக் வாளி சொல்ல வேண்டியிருந்தது.

அதே நூலில் மறவர் குடியைப் பேசும் மற்றோரிடத்தில்தான் இக்கட்டுரையின் தலைப்பு கிடக்கிறது. இல்லில் அடுகிற கள். ‘ஹோம்புரூ’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி யாரும் குழு அமைக்க வேண்டியதில்லை, சொல் இருக்கிறது. சொல்லுக்குரிய பொருள்தான் நம்மிடம் இல்லை. பத்துப்பாட்டை உ.வே.சா. 1889இல் பதிப்பித்துத் தந்தார். உரை கண்ட நச்சினார்க்கினியரோ எங்கள் மதுரைக்காரர். ஏடு தப்பியது, உரை தப்பியது, செய்முறை மட்டும் பாடநூலுக்குள் நுழையும் வாசலில் ‘ஒருவகை மது’ ஆகிவிட்டது.

முற்றிலும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வடசென்னைக் கடற்கரையில் சுண்டக்கஞ்சி என்ற பெயரில் சோற்றைப் புளிக்கவைத்த குடி இன்றும் உண்டு. தொண்டை நாட்டு வலைஞர் குடியிருப்பில் பாடப்பட்ட பொருள் தொண்டை நாட்டு மீனவர் தெருவிலேயே மிஞ்சியிருப்பதை எந்தத் தமிழ்த்துறையாவது ஆராயுமா என்றால், அதைக் காவல்துறைதான் தேடிக்கொண்டு போகிறது.

அந்த ‘இந்தியா’வுக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே லண்டனின் கிழக்கே போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் குடும்பத்தாரின் மதுவாலையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பீர் பீப்பாய்கள் ஏறின. பின்னர் டெர்பிக்கு அருகிலுள்ள பர்ட்டன் நகரத்தார் அந்த வணிகத்தில் புகுந்து வென்றனர். அந்த ஊர் நிலத்தடி நீரில் ஜிப்சம் மிகுதி. கைப்பான பீருக்கு அது பொருந்திவந்தது. நெடும்பயணத்தில் கெடாதிருக்கவென்றே யாரோ புதிதாகக் கண்டுபிடித்த பீர் இது என்ற கதையை வரலாற்றாசிரியர்கள் இப்போது ஏற்பதில்லை. ஏற்கெனவே இருந்த, ஹாப்ஸ் மிகுந்த வெளிறிய பீரே கப்பலேறியது. 1830களில் ‘இந்தியா’ என்ற பெயர் அதனோடு ஒட்டியது. குடித்தவர்கள் கம்பெனியின் அதிகாரிகள். சாதாரணச் சிப்பாய்க்குக் கறுத்த போர்ட்டர். நம்மவர்க்கு அதில் பெயரைத் தவிர வேறு பங்கில்லை.

பர்ட்டன் நீரைப் பற்றி மகன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வில்லாபுரத்துக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றி இலேசாகப் பேசிவிட முடியாது. குழாய்த் தண்ணீருக்காக நின்ற மாமன்ற உறுப்பினர் லீலாவதியை 1997 ஏப்ரலில் வெட்டிக் கொன்ற பகுதி இது. குடிநீர் கேட்டதற்கே உயிர் போன இடத்தில் குடியைப் பற்றி எழுதுவதா என்று எங்களையே கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

சுவையைப் பற்றி. புட்டியில் அடைத்து மூன்று வாரம் கழித்துத் திறந்தோம். நுரை கெட்டியாக நின்றது. முதலில் மணம், பிறகு மெல்லிய இனிப்பு, விழுங்கிய பின் அடிநாக்கில் கைப்பு. அந்தக் கைப்பு வந்துகொண்டே இருந்தது. மகனுடைய நண்பர்கள் அதை வருணிக்க ஐம்பது சொல் வைத்திருந்தார்கள். எங்களுக்கு ஒரே சொல் போதுமாயிருந்தது: அதலைக்காய். மதுரைக் கரிசல் பக்கத்தில் மழைக்காலத்தில் தானாகப் படர்ந்து காய்க்கும் அந்தச் சிறு காயைப் பொரியலாகத் தின்று வளர்ந்த நாக்குக்கு இந்தக் கைப்பு அந்நியமில்லை. எங்களில் குடிக்கவே மாட்டேன் என்றவர் ஒரு தேக்கரண்டி மட்டும் நாக்கில் விட்டுக்கொண்டு, “இதையா குடிச்சாரு எங்கப்பா?” என்றார். இல்லை, அவர் குடித்தது இதுவல்ல என்றோம். “எதுவாயிருந்தா என்ன” என்று எழுந்து போனார். அந்தப் பதிலை நாங்கள் இன்னும் தாண்டவில்லை.

ஆயினும் எதுவாயிருந்தது என்பது முக்கியம் என்றே கருதுகிறோம். ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு தளர்ந்தும் இறுகியும் வந்திருக்கிறது. 1987இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 2003 முதல் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில். விளைவு என்ன? தென்னையிலும் பனையிலும் இறங்கும் ஐந்து விழுக்காட்டுக் கள் குற்றம், 42.8 விழுக்காட்டுப் பிராந்தி சட்டப்படி. மலிவைத் தேடிப் போகிறவன் கையில் விழுவது இன்னும் கொடியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது நொதித்த நெல்லோ பனஞ்சாறோ அல்ல. மெத்தனால் என்ற தொழிற்சாலை நஞ்சு.

வீட்டில் காய்ச்ச அனுமதித்தால் அதன் மறைவில் ஊறல் போட்டுச் சாராயம் வடிப்பார்கள் என்ற வாதத்தை நாங்கள் ஒதுக்கவில்லை. வடிப்பது வேறு, நொதிக்கவைப்பது வேறு என்ற கோட்டைச் சட்டத்தால் கிழிக்க முடியும் என்பதே எங்கள் பதில். இங்கிலாந்து 1963இல் வீட்டுப் பீருக்கான உரிமக் கட்டணத்தை நீக்கியது. உரிமமின்றி வடிப்பது அங்கே இன்றும் குற்றம். நம் நாட்டிலேயே சார்க்கண்டுப் பழங்குடியினர் வீடுகளில் ஹண்டியா என்ற சோற்றுக்கள் விழாவுக்கு விழா விளைகிறது. இந்தச் சட்டத்தால் குடி குறையுமா? குறையாது என்றே நினைக்கிறோம். வாரக்கணக்கில் காத்திருக்கவும் வாளி கழுவவும் ஆயத்தமானவன் கடைக்கூட்டத்தில் முண்டுகிறவன் அல்லன். எனவே எங்கள் கோரிக்கை மிகச் சிறியது. குடியைத் தடுக்க விரும்பினால் வலுவான சரக்கிலிருந்து தடுக்கத் தொடங்கட்டும். கள்ளையும் தோப்பியையும் குற்றப்பட்டியலிலிருந்து எடுக்கட்டும். தமிழ்த்துறைகள் அந்த ஏழெட்டு அடிகளை ஒரு முறையேனும் காய்ச்சிப் பார்த்து உரை எழுதட்டும்; ஆய்வுக்கூட அனுமதியோடுதான்.

ஊர் திரும்பும்போது எஞ்சிய புட்டிகளை மகனிடமே விட்டுவந்தோம். ஒட்டுத்தாளில் பெயர் எழுத வேண்டும் என்றான். ‘இந்தியா பேல் ஏல்’ வேண்டாம் என்று ‘இல்லடு கள்’ என எழுதிக் கொடுத்தோம். எழுதியவர் அந்தத் தேக்கரண்டிக்காரர்தான். கீழே நாளும், அடர்த்தி இரண்டும் அவருடைய எண்களில் இருக்கின்றன.