மாற்றுவது குற்றமன்று, எதற்காக என்பதே கேள்வி

மோட்டார் சைக்கிள் இல்லாத தமிழர் வீட்டைக் கிள்ளான் வட்டாரத்தில் காண்பது அரிது. அப்பா வேலைக்குச் சென்ற மோட்டார், எஸ்.பி.எம். முடித்தபின் அண்ணன் ஓட்டிய மோட்டார், பதினாறு வயதில் உரிமம் எடுக்கத் துடிக்கும் தம்பி கேட்கும் மோட்டார் என்று அது குடும்பத்தில் ஓர் உறுப்பினராகவே இருந்து வருகிறது. ஆனால், ‘மோடிபை’ என்ற ஒரு சொல்லை அந்த வீட்டில் சொல்லிப் பாருங்கள். பெற்றோரின் முகம் மாறிவிடும். இரைச்சல், பந்தயம், சம்மன், விபத்து என்ற நான்கும் வரிசையாக அவர்கள் கண்முன் வந்து நிற்கும்.

அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் அறுபது விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. தலைக்கவசத்தை 1973-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கிய நாடு இது. 1970-களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்கெனத் தனித்தடம் அமைத்த நாடும் இதுதான். இருந்தும் நிலைமை இப்படி. மேருவிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு நான் வருவது அந்தத் தடத்தின் வழியாகத்தான். ஆகவே, இதனை விளையாட்டாகப் பேச நான் வரவில்லை. ஆயினும், மோட்டாரை மாற்றியமைப்பதே குற்றம் என்ற முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. எதற்காக மாற்றுகிறோம் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மேருவைச் சுற்றிச் செம்பனை மரங்கள் இன்னும் நிற்கின்றன. அங்குள்ள மண் சடக்குகளில் ஓடும் கப்சாய் மோட்டார்களைச் சற்று உற்றுப் பாருங்கள். டயரில் கட்டை கட்டையாகப் பற்கள் இருக்கும். பின்சக்கரத்தின் ஸ்ப்ராக்கெட் பெரிதாக இருக்கும். பின்னால் கனமான இரும்புக் கேரியர் பொருத்தப்பட்டிருக்கும். இவையும் மாற்றங்கள்தாம். ஆனால், இவற்றை யாரும் ‘மோடிபை’ என்று அழைப்பதில்லை, பிழைப்பு என்கிறோம்.

தமிழ்ப்பள்ளியில் எளிய எந்திரங்கள் என்ற பாடத்தில் பற்சக்கரத்தைப் பற்றிப் படித்தோமே, அந்தக் கணக்கு இங்கே உயிரோடு இருக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பற்கள், பின்னால் 35 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2.5. பின்னால் 42 பற்கள் கொண்டதை மாட்டினால் விகிதம் 3 ஆகிறது. சக்கரத்தின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது; அதே என்ஜின் சுழற்சியில் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குகிறார் தோட்டத் தொழிலாளி. சேற்றில் பழக்குலைகளை ஏற்றி வருபவருக்கு வேண்டியது அதுதானே?

இதே எண்ணத்தின் மீது கட்டப்பட்ட ஒரு விளையாட்டே உலகில் உண்டு. அதன் பெயர் டிரையல்ஸ். பாறை, ஓடை, மரக்கட்டை, செங்குத்தான மேடு ஆகியவற்றின் மீது கால் ஊன்றாமல் வண்டியைச் செலுத்த வேண்டும். ஒரு முறை கால் ஊன்றினால் ஒரு தண்டனைப் புள்ளி, இரு முறைக்கு இரண்டு, அதற்கு மேல் மூன்று. விழுந்தாலோ தடையைத் தாண்ட இயலாமற் போனாலோ ஐந்து. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். யார் முதலில் வந்தார் என்பதன்று, யார் தடுமாறாமல் வந்தார் என்பதே கேள்வி. இதற்கான இன்றைய வண்டிகள் ஏறத்தாழ எழுபது கிலோதான் எடையுள்ளவை. உட்கார முறையான இருக்கைகூட இல்லை; ஓட்டுநர் நின்றுகொண்டே ஓட்டுகிறார். டயரில் காற்றையும் மிகக் குறைவாகவே வைப்பார்கள், பாறையைப் பற்றிக்கொள்வதற்காக. தேவையற்றவை அனைத்தும் கழற்றப்பட்ட வண்டி அது. எனினும் அதில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொன்றும் கட்டுப்பாட்டிற்காக இருக்கிறது.

இவ்விளையாட்டிற்கும் தமிழ் மண்ணிற்கும் ஒரு தொடர்பு இருப்பதைப் பலர் அறியார். முன்பெல்லாம் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரத்திற்கு ஸ்பிரிங் கிடையாது. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம், பின்சக்கரத்தை ஆடும் கரத்தில் தொங்கவிட்டு, அதிர்வுதாங்கியோடு இணைத்த புல்லட் வண்டியை 1948-இல் டிரையல்ஸ் களத்தில் இறக்கிச் சோதித்தது. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த அனைத்துலக ஆறு நாள் போட்டியில் அவ்வண்டிகள் தங்கப் பதக்கம் வென்றன. 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் ஜானி பிரிட்டன் என்ற வீரர் ராயல் என்ஃபீல்டில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல்ஸ் போட்டியை வென்றார். இதற்கிடையே, 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட் வெளிவந்தது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூர் ஓயவில்லை. 2019-இல் அந்தப் பழைய வெற்றிகளின் நினைவாக ‘புல்லட் டிரையல்ஸ்’ என்ற வண்டியையும் அந்நிறுவனம் வெளியிட்டது. உயர்த்திய எக்சோஸ், ஒற்றை இருக்கை, கட்டை டயர் எல்லாம் இருந்தன. எடை மட்டும் பழைய புல்லட்டைப் போலவே கனம். அடுத்த ஆண்டே அது விற்பனையிலிருந்து மறைந்தது.

இந்த வரலாற்றை நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. பாறையில் தடுமாறாமல் இருப்பதற்காக யாரோ செய்த ஒரு மாற்றம், பின்னர் குண்டும் குழியுமான சாலையில் செல்லும் சாதாரண மனிதனின் முதுகைக் காத்தது. நோக்கம் சரியாக இருந்தால் மாற்றம் பலருக்கும் பயன்படும்.

இப்போது நம் தாமான்களில் நள்ளிரவில் கேட்கும் சத்தத்திற்கு வருவோம். எக்சோசின் உட்பகுதியை அறுத்து எறிந்தால் என்ன கிடைக்கிறது? டூ ஸ்ட்ரோக் என்ஜினில் எக்சோஸ் வெறும் புகைக்குழாய் அன்று. அதன் வயிறு போன்ற வடிவம், வெளியேறும் அழுத்த அலையைத் திருப்பியனுப்பி, எரியாத எரிபொருள் தப்பிவிடாமல் உள்ளே தள்ளுகிறது. கணக்கின்றி அறுத்தால் சத்தம் கூடும், இழுவை குறையும். பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுத்து, தன் வண்டியின் பலத்தையும் கெடுத்துக்கொள்வதற்குப் பெயர் திறமையா?

என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய ஹோண்டா இ.எக்ஸ்.5. நான் கணக்கியல் மாணவன். ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தாமானில் வீட்டோரம் தகரக் கூரை போட்டுக் கடை வைத்திருக்கும் போமேன் அண்ணன். பெரிய ஸ்ப்ராக்கெட் போடலாமா என்று கேட்டபோது அவர் பதில் ஒன்றுதான்: “மொதல்ல நிக்கட்டும் தம்பி, அப்புறம் ஓடட்டும்.” அவருடைய வரிசையில் பிரேக் முதலாவது, பிறகு டயர், செயின், விளக்கு. என்ஜின் எண்ணெயை நேரத்திற்கு மாற்றாதவன் மோடிபை பற்றிப் பேசக்கூடாது என்பது அவர் கடையின் எழுதப்படாத சட்டம். தொய்ந்த செயினை இறுக்கி, தேய்ந்த பிரேக் ஷூவை மாற்றுவதற்குச் செலவாவது சில பத்து ரிங்கிட். அதனை விட்டுவிட்டுச் சில நூறு ரிங்கிட்டிற்கு எக்சோஸ் வாங்குகிறோம்.

எழுதப்பட்ட சட்டமும் உண்டு. என்ஜினையோ வண்ணத்தையோ மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் தெரிவிக்க வேண்டும். வாகன இரைச்சலுக்கு 1987-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகள் எல்லை வகுத்துள்ளன. தோட்டத்துச் சடக்கிற்குப் பொருந்தும் வண்டி நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது. களம் வேறு, சாலை வேறு. இதனை அறிந்து மாற்றுபவனே உண்மையில் மோட்டாரை அறிந்தவன்.

நண்பர்களே, நம்மைப் போன்றோர் சிந்திக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. யமஹா ஆர்.எக்ஸ்.இசட் உற்பத்தி 2011-இல் நின்றது. இன்றும் அவை சாலையில் ஓடுகின்றன என்றால், அதற்குக் காரணம் போமேன் அண்ணனைப் போன்றவர்களின் கைகள். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் அறிவு அது. ஆனால், அந்த அறிவுக்குச் சான்றிதழ் இல்லை. அதனால் கடனுதவி கேட்கும்போதும், பெரிய நிறுவனத்தில் வேலை கேட்கும்போதும் அவர் வெறும் எஸ்.பி.எம். மாணவராகவே பார்க்கப்படுகிறார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. திறன் மேம்பாட்டு இலாகா வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்.-ஐ வகுப்பில் அமர்ந்துதான் பெறவேண்டும் என்பதில்லை. பி.பி.டி. என்ற முறையின்கீழ், வேலை அனுபவம் உள்ளவர் தம் திறனுக்கான ஆதாரங்களைத் தொகுத்து அளித்து, மதிப்பீட்டின் வழி அதனைப் பெறலாம். தடையாக இருப்பது ஸ்பேனர் அன்று, பேனா. செய்த வேலைகளைப் படம் பிடித்து, தரநிலைக்கு ஏற்ப வரிசைப்படுத்தி, மலாய்மொழியில் எழுத வேண்டும். நாள் முழுதும் எண்ணெய்க் கையோடு நிற்பவருக்கு அது மலைப்பாகத் தோன்றுகிறது. நமக்கோ ஒவ்வொரு பருவத்திலும் பணி ஒப்படைப்பு எழுதி எழுதிப் பழகிப்போன வேலை அது.

தமிழ் அமைப்புகள் தன்முனைப்புப் பட்டறை நடத்துகின்றன, கலை இரவு நடத்துகின்றன. அவை வேண்டும். அவற்றோடு விடுமுறையில் இரண்டு வாரம் மேரு, காப்பார், கிள்ளான் ஆகிய இடங்களிலுள்ள நம் போமேன்களுடன் அமர்ந்து இந்தத் தொகுப்பை எழுதிக்கொடுத்தால் என்ன? முன்னாள் மாணவர்களில் பொறியியலாளர்கள் உள்ளனர். சட்டம் அறிந்தோர் உள்ளனர். அவர்கள் வழிகாட்டலாம். சான்றிதழ் பெற்ற போமேன் தன் கடையில் நான்கு இளைஞர்களைப் பழக்குவார். அந்த நால்வரும் சத்தத்திற்காக எக்சோசை அறுக்கும் முன் ஒருமுறை யோசிப்பார்கள். ஏனெனில், அதற்குள் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

“மோட்டாரைத் தொடாதே” என்று சொல்லி நம் இளைஞர்களைக் காப்பாற்ற முடியாது. அவர்கள் ஏற்கெனவே தொட்டுவிட்டார்கள். தொட்ட கைக்கு அறிவையும் மதிப்பையும் கொடுப்பதே நம்மால் இயன்றது. அந்தப் பணியை வருகின்ற விடுமுறையிலேயே தொடங்குவோம்.